துப்பறிகிற அம்மிணிக்கு ஒரு நாய் வேண்டும்

தமிழ் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் மோப்ப நாயின் கதை மனப்பாடம். எங்காவது ஒரு வீட்டில் கொள்ளை நடக்கும். மோப்ப நாய் வரவழைக்கப்படும். அது வீட்டைச் சுற்றி வந்து, மெயின் ரோடு வரை ஓடி, நின்றுவிடும். யாரையும் கவ்விப் பிடிக்காது. இத்தனை வருடத்தில் அந்த நாய் மெயின் ரோட்டைத் தாண்டியதாக ஒரு செய்தியாவது வந்திருக்குமா என்பது சந்தேகமே. (பாவம், அதற்கு மேல் திருடன் பஸ் ஏறிவிட்டால் அது என்ன செய்யும்?)

செய்தித்தாளை விடுங்கள். கதைகளில் தேடினால்? தமிழ்த் துப்பறியும் கதைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயசு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு என்று ஆரம்பித்து, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுபாவின் நரேந்திரன் வரை ஒரு பட்டாளமே இருக்கிறது. இந்தப் பட்டாளத்தில் ஒரு பெண், அவளுடைய நாய், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மர்மத்தின் பின்னால் போவது என்று கேட்டால் சட்டென்று ஞாபகத்துக்கு வருவது ஒரே ஒரு ஜோடிதான். நிலாவும் ஜீனோவும். அதிலும் ஜீனோ ரத்தமும் சதையுமான நாய் இல்லை, இயந்திரம்.

அந்த ஜோடிக்குப் பிறகு வருவோம். முதலில், இப்படி ஒரு ஜோடியை எதற்காகத் தேட வேண்டும் என்பது.

இங்கிலீஷில் 'கோஸி மிஸ்டரி' என்று ஒரு தனி வகை இருக்கிறது. கதகதப்பான மர்மக் கதை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் நாட்டுக்காரர்களுக்குக் கதகதப்பு சுகம். வீரபாண்டியில் சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து படிப்பவருக்கு 'குளுகுளு மர்மக் கதை' என்று பெயர் மாற்றினால்தான் பொருந்தும். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு கொலை நடக்கும், ஆனால் ரத்தம் அதிகம் காட்ட மாட்டார்கள். போலீஸ் ஒரு ஓரமாக இருக்கும். துப்பறிவது பேக்கரி வைத்திருக்கும் பெண், நூலகத்தில் வேலை செய்யும் பெண், ஓய்வு பெற்ற டீச்சர் என்று யாராவது. கூடவே ஒரு நாயோ பூனையோ. கடைசிப் பக்கத்தில் ஊர் மறுபடி பழைய நிம்மதிக்கு வந்துவிடும். அமெரிக்காவில் இந்த வகைக்கென்றே 1989லிருந்து 'மேலிஸ் டொமஸ்டிக்' என்று ஒரு மாநாடு வருடா வருடம் கூடுகிறது, அகதா கிறிஸ்டி பெயரால் விருதும் கொடுக்கிறார்கள்.

அகதா கிறிஸ்டியே பெரிய நாய்ப் பிரியர். 1937ல் வந்த 'டம்ப் விட்னஸ்' நாவலைத் தன்னுடைய நாய் பீட்டருக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்தக் கதையில் ஒரு பணக்காரக் கிழவி மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். படியில் பந்தைப் போட்டுவிட்டுப் போனது பாப் என்ற நாய்தான் என்று வீடே பழியை அதன் தலையில் கட்டுகிறது. வாயில்லாத சாட்சிக்கு நேர்கிற அநியாயம். 1990ல் சூசன் கோனன்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஹோலி வின்டர் என்றொரு பெண்ணை உண்டாக்கினார். நாய்களைப் பற்றிப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள், வீட்டில் மலமூட் ஜாதி நாய் வளர்ப்பவள். அவள் வரிசையாகப் பல நாவல்களில் துப்பறிந்தாள். அப்புறம் பூடில் வளர்க்கும் பெண், பீகிள் வளர்க்கும் பெண் என்று அந்த ஊர்ப் புத்தகக் கடை அலமாரியில் குரைப்புச் சத்தம் அடங்கவே இல்லை.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டுப் பலரும் சொல்வது, நாய் மோப்பம் பிடித்து உதவும், ஆபத்தில் கடித்துக் காப்பாற்றும், படிப்பவருக்குச் செல்லமாக இருக்கும் என்பது. எல்லாம் சரிதான். ஆனால் முக்கியமான வேலை அது இல்லை. நாய் செய்யும் பெரிய உபகாரம், அவளை வீட்டை விட்டு வெளியே கூட்டிப் போவது. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு பெண் தனியாகத் தெருவில் நடக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு ஆற்றங்கரைப் பக்கம் போகிறாள். பக்கத்து வீட்டுக் கேட் முன்னால் அஞ்சு நிமிஷம் சும்மா நிற்கிறாள். கையில் சங்கிலியும் சங்கிலியின் நுனியில் ஒரு நாயும் இருந்தால் அந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நாய்க்கு அவசரம், அவ்வளவுதான். பிணத்தை முதலில் பார்ப்பவளும் அவளே, கொலைகாரனின் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்று தெரிந்தவளும் அவளே. நாய் என்பது அவளுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு.

மிஸ் மார்ப்பிளுக்கு நாய் இல்லையே என்று கேட்கலாம். 1930ல் முதல் நாவலில் வந்தபோதே அந்தப் பாட்டிக்கு வேறு சீட்டுகள் இருந்தன. தோட்டத்தில் களை பிடுங்குவது, பைனாகுலர் வைத்துப் பறவை பார்ப்பது. பறவை பார்க்கிற சாக்கில் அவள் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி நேரம் கையில் பின்னல் ஊசி. (பின்னலாடை ஊர்க்காரர்கள் கோவில் கட்டிக் கும்பிட வேண்டிய பாட்டி.) இன்னொன்றும் அவளிடம் இருந்தது. நேரம். அவள் எட்டரை மணிக்குக் கார்டு போட்டு உள்ளே போக வேண்டியதில்லை.

இனி தமிழுக்கு வருவோம். தமிழில் அமெச்சூர் துப்பறிவாளர் இல்லாமல் இல்லை. 1942ல் ஆனந்த விகடனில் தேவன் எழுத ஆரம்பித்த துப்பறியும் சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. ரத்தம் கிடையாது, பயம் கிடையாது, அசட்டுத்தனத்திலேயே குற்றவாளி மாட்டிக்கொள்வான். கோஸி என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே வந்த அசல் கோஸி. ஆனால் சாம்பு ஆண். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம், தப்பான ரயிலில் ஏறித் தப்பான ஊரில் இறங்கினாலும் அது தமாஷ்தான். அதையே அவன் மனைவி வேம்பு செய்திருந்தால் அது தமாஷாக இருந்திருக்காது.

பாக்கெட் நாவல் காலத்தில் பெண்கள் கதைக்குள் நிறையவே வந்தார்கள். டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கிளிப் போட்டுத் தொங்கிய அந்த அட்டைகளில் பாதிக்கு மேல் பெண் முகம்தான். உள்ளே போனால் முதல் அத்தியாயத்தில் பிணமாகக் கிடப்பவள், பயந்து ஓடுபவள், அல்லது துப்பறிவாளனின் மனைவி, உதவியாளர். விவேக்குக்கு ரூபலா, நரேந்திரனுக்கு வைஜயந்தி, பரத்துக்கு சுசீலா. இதில் சுசீலாவைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்லைட் ஏஜென்சியின் சுசீலா போட்டு வரும் பனியனில் ஒவ்வொரு கதையிலும் ஒரு வாசகம் இருக்கும். வாசகர்கள் கொலைகாரன் யார் என்பதை மறந்தாலும் பனியன் வாசகத்தை மறக்க மாட்டார்கள். எண்பது தொண்ணூறுகளில் அதைப் படித்த திருப்பூர்க்காரர்களில் எத்தனை பேர் அதே மாதிரி வாசகத்தைப் பகல் முழுக்க டேபிளில் பிரிண்ட் அடித்துவிட்டு, ராத்திரி சுசீலா மேல் அதைப் படித்தார்களோ! சுசீலா கெட்டிக்காரி, துணிச்சல்காரி, சந்தேகமில்லை. ஆனால் அவள் வெளியே போவது பெரும்பாலும் பரத்தின் வண்டியில். அவளுடைய அனுமதிச் சீட்டு பரத்.

யாராவது கையை உயர்த்தி அம்பை என்று சொல்வதற்குள் சொல்லிவிடலாம். 2014ல் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' வந்தது. சுதா குப்தா என்ற நடுத்தர வயதுத் துப்பறிவாளர், குடும்பம் உள்ளவர், கதைகளில் ரத்தத்தை விட மனிதர்களின் துக்கம் அதிகம். தமிழில் இந்த வகைக்கு மிக அருகில் வந்த நல்ல புத்தகம் அது. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சுதா அமெச்சூர் இல்லை, தொழில்முறையில் துப்பறிபவர். ஆகவே வெளியே போக அவருக்கு வேறு சாக்கு வேண்டாம். அடுத்தது, கதை நடக்கும் ஊர் மும்பை. மேம்பாலத்தில் ஒரு பெண் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தால் மும்பை அதைக் கவனிக்காமல் கடந்து போகும். அதே சுதாவைப் பல்லடம் ரோட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு நிறுத்திப் பாருங்கள்.

இப்போது நிலா. 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் விகடனில் தொடராக வந்தது, அப்புறம் தூர்தர்ஷனிலும் வந்தது. கதை நடக்கும் காலம் 2021. (அந்த வருடம் வந்தும் போய்விட்டது.) ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாடு, பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வாங்க வேண்டும். நிலா ஒரு சாதாரண இல்லத்தரசி. கணவன் சிபி ஒரு நாள் காணாமல் போகிறான். வீட்டில் தங்க வந்த ரவியின் இயந்திர நாய் ஜீனோ பேசும், புத்தகம் படிக்கும். முதலில் நிலாவுக்கு அதைப் பிடிப்பதில்லை, போகப் போக அதை விட்டால் வேறு நம்பிக்கை இல்லை. சுஜாதாவை விஞ்ஞானக் கதை என்ற பெட்டியில் போட்டு வைத்துவிட்டதால் யாரும் இதை இப்படிப் பார்ப்பதில்லை. விஞ்ஞானத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பாருங்கள். தொழிலால் துப்பறிவாளர் அல்லாத ஒரு பெண், அவளுடைய மர்மம், கூடவே ஒரு நாய். அச்சு அசலாக அதே எலும்புக்கூடு.

சுஜாதா கவனித்த ஒன்றும் அதில் இருக்கிறது. கணவன் காணாமல் போன பிறகுதான் நிலா வாசல்படி தாண்டித் தேடிப் போக வேண்டி வருகிறது, அதற்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகன் நம்பும்படி ஒரு பெண்ணைத் துணைநாயோடு தனியே உலவ விட அவருக்கு முப்பது நாற்பது வருடம் தாண்டிய எதிர்காலமும், உலோகத்தில் ஒரு நாயும் தேவைப்பட்டன. தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா ராணியாகவே ஆகிவிடுகிறாள். ஆனாலும் கயிறு வேறு யார் கையிலோ.

சரி, இதை எல்லாம் வீரபாண்டியில் கொண்டு வந்து வைத்தால் என்ன ஆகும்?

கோஸி கதைக்கு எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த கிராமம் வேண்டும் என்பார்கள். 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த இந்த வீரபாண்டியில் அப்படி இல்லை. ஒரு லைன் வீட்டில் எட்டு வாசல் என்றால் தேனிக்காரர், தஞ்சாவூர்க்காரர், பீகார், ஒடிசா என்று எட்டு ஊர். பேர் தெரியாது, எந்த கம்பெனி என்பது மட்டும் தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை ஒருவர் வரவில்லை என்றால், ஊருக்குப் போயிருப்பார், இல்லை வேறு கம்பெனியில் பத்து ரூபாய் அதிகம் கொடுத்திருப்பார்கள் என்று முடித்துவிடுவார்கள். ஒரு மனிதர் காணாமல் போனதே தெரியாத ஊர், மர்மக் கதைக்கு இதைவிட நல்ல இடம் எது? செயின்ட் மேரி மீடில் அந்நியன் ஒருவன் வந்தால் மர்மம். இங்கே எல்லோருமே அந்நியர்.

துப்பறிகிற கண்ணும் இங்கே தயாராக இருக்கிறது. செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பீஸைப் பிரித்து, திருப்பி, கையை உள்ளே விட்டு, ஒரு பார்வை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம், ஒரு கையும் இன்னொரு கையும் வேறு வேறு ஷேடில் இருப்பது, எல்லாம் அந்த ஒரு பார்வையில். பேச்சு நிற்காது, கை நிற்காது. ஒரு நாளில் அப்படி எத்தனையோ பீஸ். சலானில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கும் மூட்டையில் இருப்பதற்கும் நாலு பீஸ் வித்தியாசம் என்றால் யார் எடுத்திருப்பார்கள் என்று பிசிறு வெட்டும் அக்காவுக்கு மேனேஜருக்கு முன்னால் தெரிந்திருக்கும். ஷெர்லக் ஹோம்ஸ் லென்ஸ் வைத்துச் செய்ததை இவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் செய்கிறார்கள்.

கண் இருக்கிறது, மர்மம் இருக்கிறது. இல்லாதது காலுக்கு வழி. காலை எட்டரையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வெளியே வர ராத்திரி ஆகிவிடும். அதற்கு மேல் சோறாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், அதிலும் துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, சந்தைக்குப் போய்வந்தால் பொழுது சாயும். இது வீடு உள்ளவர்கள் கதை. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவும் இல்லை. 'சுமங்கலி' திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் ஏழைக் குடும்பத்துச் சின்னப் பெண்களை வருடக் கணக்கில் ஹாஸ்டலில் வைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்று வேலை வாங்கியதை 2011ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு அறிக்கையாகவே வெளியிட்டன. தனியாக வெளியே போகக்கூடாது, போன் பேசக் கட்டுப்பாடு, கடைக்குப் போனாலும் காவலுக்கு ஆள். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் வரை அது எட்டி, நிறைய விவாதம் நடந்தது. கேட்டுக்கு உள்ளே இருக்கும் பெண் என்ன மர்மத்தைக் கண்டுபிடித்தாலும் அதை எங்கே போய்ச் சொல்வாள்?

கதைக்கு எதற்கு இந்த நிஜமெல்லாம், படிக்கிறவர் ஒரு மணி நேரம் கவலை மறக்கத்தானே படிக்கிறார் என்று சிலர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகைக் கதைதான் நிஜத்தை அதிகம் நம்பியிருக்கிறது. வேற்றுக்கிரகவாசி வந்தால் வாசகர் ஒத்துக்கொள்வார். வீரபாண்டிப் பெண் ஒருத்தி ராத்திரி பதினொன்றுக்குக் காரணமே இல்லாமல் தெருவில் நடந்தால், கொலைகாரன் யார் என்று யோசிக்க மாட்டார். இவள் எப்படி வெளியே வந்தாள் என்றுதான் யோசிப்பார். அந்த ஒரு கேள்வியில் கதை செத்துவிடும். தமிழில் எழுதத் தெரியாததால் இந்த வகை வரவில்லை என்பது சரியான பதில் இல்லை. வை.மு.கோதைநாயகி 1925லிருந்து 'ஜகன்மோகினி' நடத்தி, நூற்றுப் பதினைந்து நாவல் எழுதிய மொழி இது. எழுதுகிறவர் இருந்தார், படிக்கிறவர் இருந்தார். நடக்கிறவளுக்குத் தெரு இல்லை.

நாயைக் கொண்டு வந்தால் தெரு கிடைக்குமா? அதிலும் சிக்கல் இருக்கிறது. இந்தப் பக்கத்து நாய் கோஸி நாய் இல்லை. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராட்டம் நடத்தியது சமீபத்துச் சங்கதி. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டு, சில நாட்களிலேயே திருத்தியபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆட்டைப் பறிகொடுத்தவரிடம் போய் நாய் துப்பறியும் கதை சொன்னால் என்ன சொல்வார் என்பது தெரிந்ததே. கொங்கு நாட்டில் கதாநாயகியோடு வர வேண்டிய பிராணி ஆடுதான் என்று சின்னப்பா தேவர் 1977லேயே 'ஆட்டுக்கார அலமேலு' எடுத்துக் காட்டிவிட்டார். மலமூட், பூடில் எல்லாம் இங்கே ஒட்டாது. ஜாதி நாய் வாங்கி வளர்க்கும் வீட்டுப் பெண், செக்கிங் டேபிளுக்கு வர மாட்டாள்.

ஆனாலும் லைன் வீட்டுக்கு லைன் வீடு ஒரு நாய் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருடைய சோறும் தின்னும். எட்டு ஊர்க்காரர்களையும் பேர் தெரியாவிட்டாலும் அதற்கு வாசம் தெரியும். 1892ல் கானன் டாயில் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையில் ராத்திரி குரைக்காத நாய்தான் துப்பே. வந்தவன் தெரிந்தவன், அதனால் அது குரைக்கவில்லை. அந்தத் துப்பு வீரபாண்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு லைனுக்குள் வந்தவனைப் பார்த்து, கம்பெனி வேன் டிரைவரைக் கண்டால் மட்டும் வாலாட்டும் அந்த நாய் ஏன் சும்மா இருந்தது?

எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இதை எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி வேண்டாம் :-) செக்கிங்கில் இருக்கும் நாற்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தி. புருஷன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வாசலில் இருந்த ஒடிசாப் பையன் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து காணோம். ஊருக்குப் போய்விட்டான் என்கிறார்கள். அவனுடைய செருப்பு வாசலில் இருக்கிறது, புதுசு. அக்கா மீதிச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள். நாய் பின்னாலேயே வருகிறது. சோறு போடுகிற இடம் தினம் ஒரு பத்தடி தள்ளிப் போகிறது. முதல் நாள் லைன் வாசல், அடுத்த நாள் தெருமுனை, அதற்கடுத்த நாள் மூடிக் கிடக்கும் குடோனுக்கு எதிரே. நாலாம் நாள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் கேட்கிறார்.

"ஏனுங்கக்கா, இந்நேரத்துல எங்க?"

"நாய்க்குச் சோறு போடப் போறனுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார். அக்கா குடோன் பக்கம் திரும்புகிறாள்.